பூளைப்பூவின் மேல் ஏற்றிய பொய்

நான் ஒரு பொய்யை ஆராய்ச்சி என்று எழுதினேன். அதை நம்பிக் கஷாயம் குடித்த ஒரு பெண் இன்று வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லிவிட்டேன். இனி நீ எழுந்து போகலாம்... போகமாட்டாய், எனக்குத் தெரியும். எப்படிச் செய்தாள், எதற்குச் செய்தாள், மாட்டிக்கொண்டாளா என்று உனக்கு விவரம் வேண்டும்.

மாட்டிக்கொள்ளவில்லை. என் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் அப்படியே இருக்கிறது. தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். ஆய்வு நேர்மை என்று ஒரு பாடமும் எடுக்கிறேன்! சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரி. எனக்கே சில நாள் பாடத்தின் நடுவில் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயர் கஸ்தூரி. எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து காலைப் பேருந்தில் வருவாள். குடுவைகளைக் கழுவுவாள், கண்ணாடித் தட்டுகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்வாள், மேசைகளைத் துடைப்பாள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை 'நீ' என்றேன். அவள் என்னை 'நீங்க' என்றாள். அதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. இப்போதுகூட 'அவள்' என்றுதான் எழுதுகிறேன், கவனித்தாயா? திருந்தியவளின் கடிதமல்ல இது.

முனைவர் பட்டத்துக்கான என் ஆய்வு மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்றைப் பற்றியது. முன்பெல்லாம் நான்கு மாத்திரையில் அடங்கிய நீர்க்கடுப்பு இப்போது எந்த மாத்திரைக்கும் மசிவதில்லை. கண்ட கடையில் கண்ட மாத்திரையை வாங்கி, பாதியில் நிறுத்தி, கிருமிகளை நாமே பழக்கிவிட்டோம். அப்படிப் பழகிய கிருமிகளை நம் பக்கத்துச் செடிகளின் சாறு கொல்லுமா என்று பார்ப்பதே என் வேலை.

நான் எடுத்துக்கொண்ட செடி சிறுபீளை. எங்கள் பக்கம் பூளைப்பூ என்போம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வாசலில் செருகுகிறார்களே, அந்த வெள்ளைப் பூ. நீர்க்கடுப்புக்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பது ஊரறிந்த விஷயம். செடியின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது வரப்பில் தன்பாட்டுக்கு முளைத்திருந்தது. கஸ்தூரிதான் பறித்து, நிழலில் உலர்த்தி, மூட்டையாகக் கட்டிப் பேருந்தில் கொண்டுவந்தாள்.

ஒருநாள் குடுவை கழுவிக்கொண்டிருந்தவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க மேடம்... ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதுங்க. மாசத்துல ரெண்டு வாட்டி இப்படி வந்துருதுங்க.”

“தண்ணி நெறையக் குடிக்கறதுதானே?”

“குடிச்சாப் போவணுமுங்களே. எங்க போறதுங்க?”

ஊழியர்களுக்கென்று கீழ்த்தளத்தில் இருந்த கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. ஆசிரியைகளின் கழிப்பறை எங்கள் மாடியிலேயே இருந்தது, பூட்டி வைத்திருப்போம். ஊழியர்கள் நுழையக்கூடாது என்று எழுதப்படாத ஒரு விதி. சாவி என் மேசை இழுப்பறையில் கிடக்கும். கஸ்தூரி காலை ஏழு மணிக்கு வீட்டில் போனால், மறுபடி மாலையில் வீட்டுக்குப் போய்த்தான். அதற்காகவே நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள்.

இழுப்பறையைத் திறந்து அந்தச் சாவியை எடுத்து நீட்ட எனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

இழுப்பறையைத் திறந்தேன்தான். எடுத்து நீட்டியது, மூடி போட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவை!

“நாளைக்குக் காலைல முதல்ல போறத இதுல புடிச்சுட்டு வா” என்றேன்.

அவள் அதை முந்தானைக்குள் மறைத்து வாங்கிக்கொண்டாள். ஏதோ நான் அவளுக்கு வைத்தியம் பார்க்கப்போகிறேன் என்று நினைத்து, “ரொம்ப நன்றிங்க மேடம்” என்றும் சொன்னாள்.

அவள் கொண்டுவந்த சிறுநீரிலிருந்து வளர்த்த கிருமி, நான் வைத்துப் பார்த்த மாத்திரை மருந்து ஒன்றுக்கும் அடங்கவில்லை. கடைசி நிலையில் போடுகிற ஊசி மருந்து ஒன்று மட்டுமே அதைக் கொன்றது. ஒரு மனுஷி அப்போது பயந்திருப்பாள். நான் மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்! இத்தனை முரட்டுக் கிருமி கிடைப்பது அரிது. அதற்குக் கே-7 என்று பெயரிட்டேன். கஸ்தூரிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? “கொஞ்சம் ஸ்ட்ராங்கான கிருமிதான், டாக்டர்கிட்ட காட்டு” என்று, குடை எடுத்துப் போகச் சொல்வதுபோலச் சொன்னேன்.

பிறகு பூளைப்பூச் சாற்றைச் சோதித்தேன். முறை மிக எளியது. கிருமி பரவிய தட்டின்மேல், சாற்றில் நனைத்த சிறு காகித வில்லை ஒன்றை வைக்கவேண்டும். சாறு கிருமியைக் கொன்றால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். சாறு எடுக்க மெத்தனால் என்ற சாராயம் சேர்ப்போம். அந்தச் சாராயமே கிருமியைக் கொல்லக்கூடியது. ஆகவே வில்லையை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் வைக்கவேண்டும். கூடவே, சாறு இல்லாமல் வெறும் சாராயத்தில் மட்டும் நனைத்த வில்லையை இன்னொரு தட்டில் வைத்து ஒப்பிட வேண்டும். முதுகலை முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

மறுநாள் பார்த்தால் கே-7 தட்டில் பெரிய தெளிந்த வட்டம்! நான் துள்ளிக் குதித்தேன். உடனே படமெடுத்து என் ஆய்வு நெறியாளருக்கு அனுப்பினேன். “சபாஷ்” என்று பதில் வந்தது. நான்கு ஆண்டுகளில் அவரிடமிருந்து வந்த முதல் சபாஷ்.

ஒப்பிட வைத்த தட்டை நான் பார்க்கவே இல்லை. பார்த்தவள் கஸ்தூரி.

“மேடம், இந்த வெறும் தட்டுலயும் அதே மாதிரி வட்டம் இருக்குதுங்களே?”

கழுவுவதற்காகக் கையில் எடுத்தவள், வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் காட்டினாள். அளவெடுத்ததுபோல அதே வட்டம். நான் வில்லைகளைச் சரியாக உலர்த்தவில்லை. கிருமியைக் கொன்றது சாராயம். பூளைப்பூ அல்ல.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை, இரண்டு பட்டம் பெற்றவள் காணவில்லை. அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக எரிச்சல்தான் வந்தது. “அதெல்லாம் அப்படித்தான் வரும். உனக்குப் புரியாது, போய்க் கழுவு” என்றேன்.

“அப்படிங்களா” என்று போய்க் கழுவிவிட்டாள். சாட்சியை அவள் கையாலேயே கழுவ வைத்தேன்.

அதன்பின் வில்லைகளை நன்றாக உலர்த்தி மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒன்றுமில்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி பாய் விரித்ததுபோல் வளர்ந்திருந்தது. நெறியாளரிடம் தொலைபேசியில் சொன்னேன், “சார், ரிப்பீட் பண்ணினா வட்டம் வரலைங்க சார்.”

அவர், “முதல்ல வந்துச்சுல்லம்மா? அந்தப் படம் இருக்குல்ல? பாசிட்டிவ் ரிசல்ட் இல்லாம தீசிஸ் எப்படி நிக்கும்? நீயே யோசிச்சு முடிவு பண்ணு” என்றார்.

எவ்வளவு சாமர்த்தியமான மனிதர், பார்! பொய் சொல் என்று சொல்லவே இல்லை. பொய்யின் வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். ஆனால் உள்ளே நடந்தவள் நான். அவரைத் திட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

முதல் தட்டின் படத்தை வைத்தேன். ஒப்பீட்டுக்கு, எதிலும் நனைக்காத வெறும் காகித வில்லையை ஒரு தட்டில் வைத்து, அதைப் படமெடுத்து, சாராயத்தில் நனைத்தது என்று கீழே எழுதினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது... நடுங்கவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன்.

கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, நம் மண்ணின் மூலிகைக்கு உலகமே தலைவணங்கப்போகிறது என்றார். ஒரு வரியாவது படித்திருப்பாரா அந்தக் கட்டுரையை? கைதட்டிய நானூறு பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. படிக்காமலே பெருமைப்படுவது எவ்வளவு எளிது! நீகூட உன் வாட்ஸ்அப்பில் அப்படி எத்தனை மூலிகைச் செய்திகளை மற்றவருக்கு அனுப்பியிருப்பாய்... ஒப்புக்கொள். என் பொய் நிற்பதற்குத் தோள் கொடுத்தவர்களில் நீயும் ஒருவன்.

மேடையில் எனக்குச் சால்வை போர்த்தியபோது கஸ்தூரி பக்கவாட்டில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் என் முகத்தில்கூட இல்லை. அவள் பறித்த செடி, அவள் உடம்பின் கிருமி. அவள் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. நன்றியுரையில் நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தாள். ஆய்வகத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பக்கத்தில் யாரோ இருந்ததால் நான் வாயடைத்துப் போனேன் என்று நீ எனக்காகச் சாக்குத் தேடிவிடக் கூடாது.

“மேடம், தர்மபுரி பெரியாஸ்பத்திரியில காட்டுனேனுங்க. இனிமே மாத்திரை கேக்காது, அட்மிட் ஆயி பத்து நாளு ஊசி போட்டே ஆவணும்னு அந்த டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“போட்டுக்க வேண்டியதுதானே?”

“பத்து நாளு அங்க போயிப் படுத்தா மாட்டுக்கு யாருங்க தண்ணி காட்டறது? அவரும் ஊர்ல இல்லீங்க. அதான்... நீங்க கண்டுபுடிச்சீங்களே பூளைப்பூ மருந்து... எங்கிட்ட இருக்கற கிருமியவே அது கொன்னுருச்சுன்னு மேடையில சொன்னாங்களே. அதையே கசாயம் வெச்சுக் குடிச்சா ஆவாதுங்களா? நீங்க குடின்னு சொன்னாக் குடிக்கறேனுங்க.”

என்னைப் பார்த்தபடி நின்றாள்.

'அது பொய் கஸ்தூரி. நாளைக்கே போய் அட்மிட் ஆகு.' இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. என் வாய்மொழித் தேர்வுக்கு அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இவளிடம் சொன்னால் இவள் நாத்தனாரிடம் சொல்வாள், நாத்தனார் பேருந்தில் சொல்வாள், யாராவது மாணவியின் காதில் விழும்... ஒரு பெண்ணின் உயிர் எதிரில் நிற்க, நான் பேருந்து வழியை யோசித்துக்கொண்டிருந்தேன்!

“குடிச்சுப் பாரு” என்றேன். “ஆனா ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வா.”

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் தொங்கியிருக்கிறேன், தெரியுமா? போகச் சொன்னேனே, சொன்னேனே என்று. அதை நான் அவளுக்காகச் சொல்லவில்லை. பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்காக, எனக்காகச் சொன்னேன். அவள் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டுமே.

தினமும் காலையில் ஒரு லோட்டா குடித்தாள். “எரிச்சல் கொஞ்சம் தேவலைங்க மேடம்” என்று ஒரு வாரம் சொன்னாள். கேட்டுக்கொண்டு நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருவேளை உண்மையிலேயே வேலை செய்கிறதோ என்றுகூட நினைத்தேன். என் பொய்யை நானே நம்பத் தொடங்கிய கேவலத்தை என்னவென்று சொல்வது? அடுத்த வாரங்களில் விலாவுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். முகம் வீங்கியிருந்தது. “சரியாத் தூங்கு” என்றேன்.

ஆறாவது வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. குளிர்காய்ச்சலில் நினைவு தப்பிப்போய், ஆம்புலன்ஸில் தர்மபுரிக்குக் கொண்டுபோனதாகத் துறையில் பேசிக்கொண்டார்கள்.

ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஓர் இளம் டாக்டரம்மா, கஸ்தூரியின் நாத்தனாரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஊசி போட வரச் சொன்னேனே! இத்தனை வாரமா என்ன பண்ணுனாங்க? கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. கிட்னி ரெண்டும் வேலை செய்யல. ஏற்கெனவே கொஞ்சம் பழுதாத்தான் இருந்திருக்கு. ஆனா அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்.”

“ஏதோ கசாயம் குடிச்சாங்க. அவங்க காலேஜு மேடம் கண்டுபுடிச்ச மருந்தாமுங்க.”

“எந்த மேடம்? அவங்களக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்!”

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். நாத்தனார் என்னைப் பார்த்ததே இல்லை. நான் செல்பேசியை எடுத்து, வராத அழைப்பு ஒன்றுக்குப் பதில் பேசியபடி படிக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டேன்.

அந்த டாக்டர் சொன்னதில் 'ஏற்கெனவே' என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே பழுதாம்! பல மாதம் அந்தச் சொல்லின்மேல் படுத்துத் தூங்கினேன். ஏன் பழுதானது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு தண்ணீர் குடிக்காமல் அடக்கிவைத்துக்கொண்டு என் குடுவைகளைக் கழுவியவளின் உடம்பு வேறு எப்படி இருக்கும்?

ஒரு வாரம் கழித்து, நாத்தனார் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கஸ்தூரிக்கு நினைவு திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“மேடம்... நாந்தானுங்க தப்புப் பண்ணிட்டேன். நடுவுல ஒருநாளு கருவாட்டுக் கொழம்பு தின்னுபுட்டேனுங்க. பத்தியம் தப்பிருச்சு. அதான் மருந்து கேக்கல. உங்களுக்குக் கெட்ட பேரு வந்துருமோன்னுதான் பயமா இருக்குதுங்க.”

கேட்டாயா? சிறுநீரகம் இரண்டும் போய்க் கிடப்பவள் என் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறாள்!

நான் சொன்னதையும் கேள். “பத்தியம் முக்கியம்தான் கஸ்தூரி. சரி, இப்ப ரெஸ்ட் எடு” என்றேன்.

வாய்மொழித் தேர்வு நன்றாக நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒப்பீட்டுத் தட்டின் படத்தைக் கேட்டார். காட்டினேன். “ரொம்ப கிளீனா இருக்கு” என்று பாராட்டினார். கிளீனாகத்தான் இருக்கும், அந்த வில்லையில் ஒன்றுமே இல்லையே!

நாங்கள் தலைமுறையாகக் கத்தோலிக்கர். தவக்காலத்தில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது என் வழக்கம். அந்த ஆண்டு முழங்காலில் நின்று, “வேலையில ஒரு பொய் சொல்லிட்டேன் ஃபாதர்” என்றேன். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை இருந்தது. “பொய் சொல்லக்கூடாதும்மா. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க” என்று பாவமன்னிப்பு அளித்தார். அவர்மேல் பிழையில்லை, நான் காட்டிய அளவுக்குத்தான் அவர் மருந்து கொடுத்தார். மூன்று ஜெபங்களைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது ஆறுதல் வரவில்லை. என்மேல் அருவருப்புதான் வந்தது. இத்தனை மலிவாகவா முடித்துக்கொள்ளப் பார்த்தாய் என்று... அதற்குப்பின் நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. பூசையில் நற்கருணையும் வாங்குவதில்லை. தலைவலி என்று வீட்டில் சொல்லிவிடுகிறேன். பார், ஒரு பொய்யின் குற்றவுணர்ச்சியை மறைக்க இன்னொரு பொய்!

ஏன் இப்போது உன்னிடம் சொல்கிறேன்? உன்னிடம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான். ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், கட்டுரையை நீக்கிவிடுவார்கள். எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. என் வேலை, என் பட்டம், பிள்ளைகளின் முன்னால் என் முகம்... எல்லாம் நினைவுக்கு வருகின்றன. கஸ்தூரி மட்டும் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறாள். நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் டயாலிசிஸ் பிரிவுக்குப் போயிருந்தேன். கஸ்தூரி கையில் குழாயோடு படுத்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். மாடுகளை விற்றாகிவிட்டது. அடுத்த படுக்கையில் மாரண்டஹள்ளியிலிருந்து வந்த ஓர் அம்மாள். துணைக்கு வந்த அவருடைய மகளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஏதோ பேச்சுவாக்கில் தனக்கும் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது, மாத்திரை கேட்பதில்லை என்று அவள் சொல்ல, கஸ்தூரி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“பூளைப்பூ கசாயம் வெச்சுக் குடி கண்ணு. வரப்புலயே கெடக்குது. எனக்குத்தான் பத்தியம் தப்பிருச்சு, நீ தப்பாம இரு. இதோ பாரு, அதைக் கண்டுபுடிச்ச மேடமே வந்திருக்காங்க. கேட்டுக்க.”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “அப்படிங்களா மேடம்? எத்தனை நாளைக்குங்க குடிக்கணும்?”

மறுபடியும் அதே இடம். அதே ஒரு வாக்கியம். இந்த முறை வாய்மொழித் தேர்வு இல்லை, விழா இல்லை, நெறியாளர் இல்லை. தொண்டைவரை வந்தது, சத்தியமாக வந்தது... கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழா நாளில் பார்த்த அதே முகத்தோடு.

“எதுக்கும் உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க” என்றேன்.

கஸ்தூரி சிரித்தாள். “எங்க மேடம் இப்படித்தான் கண்ணு. பெருமை அடிச்சுக்கவே மாட்டாங்க.”

அந்தப் பெண் செல்பேசியை எடுத்து, “பூளைப்பூ... வெறும் வயித்துலயாங்கக்கா?” என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.